எந்தக் கடை மலிவு? மளிகை விலையை ஒப்பிடும் முறை, படிப்படியாக

"அந்த சூப்பர் மார்க்கெட்டில் எல்லாமே விலை குறைவு" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் அதே உறுதியோடு எதிர்க்கடையைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வாங்கும் சாமான்கள் வேறு, அவ்வளவுதான். ஒரு கடையின் விலை என்று தனியாக எதுவும் கிடையாது. உங்கள் சாமான் பட்டியலுக்கு அந்தக் கடையில் எவ்வளவு ஆகும் என்பது மட்டுமே கணக்கு. அந்தத் தொகையைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். முதல் தடவை ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். பிறகு மாதம் அரை மணி நேரம் போதும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மனக்கணக்கை நம்பாதீர்கள். பால், முட்டை, சர்க்கரை மாதிரி சில பொருள்களின் விலை எல்லோருக்கும் மனப்பாடம். கடைக்காரர்களுக்கும் அது தெரியும். அதனால் அவற்றில் மட்டும் லாபத்தைக் குறைத்து, சில சமயம் நஷ்டத்துக்கே விற்று, "இங்கே மலிவு" என்ற எண்ணத்தை நம் தலையில் ஏற்றிவிடுவார்கள். விட்டதை, நமக்கு விலை ஞாபகம் இல்லாத சாமான்களில் எடுத்துக்கொள்வார்கள். மசாலாப் பொடி, பல் துலக்கும் பிரஷ், குப்பைப் பை இவற்றின் விலையை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஐந்தாறு பொருளை மட்டும் பார்த்துக் கடையை எடைபோட்டால், கடை தேர்ந்தெடுத்துக் கொடுத்த வினாத்தாளுக்கு நாம் மதிப்பெண் போடுகிறோம் என்று பொருள்.

முதல் படி: பில்லை எடுங்கள்

கடைசி நான்கு வாரப் பில்கள் வேண்டும். ஆறு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. காகிதப் பில்லைத் தூக்கிப் போட்டிருந்தால் கடையின் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ தேடிப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் எக்செல்லிலோ நோட்டிலோ எழுதுங்கள்: பொருள், பாக்கெட் அளவு, எத்தனை, கொடுத்த தொகை. பிறகு தொகை பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்துங்கள்.

இந்த வரிசை சிலருக்கு அதிர்ச்சி தரும். விலை ஏறிவிட்டதே என்று புலம்பும் பொருள் பட்டியலின் அடியில் கிடக்கும். ஒருநாளும் கவனிக்காத ஒன்று மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தச் செலவில் ஐந்தில் நான்கு பங்கு வந்ததும் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளவைதான் உங்கள் ஒப்பீட்டுப் பட்டியல். கீழே உள்ளவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் சலவைத்தூள் போன்றவை இந்தப் பில்களில் இல்லாமல் போகலாம், அல்லது மொத்தமாக வந்து கணக்கைக் குழப்பலாம். அவற்றை மாத அளவாக வகுத்துச் சேருங்கள்.

இரண்டாம் படி: ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருத்துங்கள்

ஒப்பீடு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு கடையில் 500 கிராம், இன்னொன்றில் 450 கிராம். அட்டைப்பெட்டி மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கம்பெனிப் பொருள்களுக்குப் பார்கோடுதான் சாட்சி. கோட்டுக்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால் பொருளும் அளவும் ஒன்றே. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பில் கவுண்டரில் சூயிங்கம் பாக்கெட் ஒன்றுக்கு முதன்முதலாகப் பார்கோடு படிக்கப்பட்டது. பில் போடுகிறவரின் வேலையைச் சுலபமாக்க வந்த சங்கதி. நமக்கு அது வேறு வகையில் உதவுகிறது. பாக்கெட்டில் அச்சிட்ட நிகர எடை மாறினால் புது எண் தர வேண்டும் என்பது பார்கோடு எண்களைப் பராமரிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. ஆக, பழகிய பொருளின் எண் மாறியிருந்தால் அடுத்து எடையைப் பாருங்கள். 13 இலக்க எண் 2இல் தொடங்கினால் அது பெரும்பாலும் கடையே எடைபோட்டு ஒட்டிய லேபிள். அந்த எண்ணை இன்னொரு கடையில் தேடிப் பயனில்லை.

கடையின் சொந்தப் பிராண்டுகள் அடுத்த சிக்கல். அவற்றுக்கு இணை இன்னொரு கடையில் இருக்காது. நான் இரண்டு கணக்குப் போடுகிறேன். "இதே பிராண்டுதான் வேண்டும்" என்பது ஒன்று. "சுமாராக இருந்தாலும் போதும், மலிவானது எது?" என்பது மற்றொன்று. உப்பு, சர்க்கரை, பேக்கிங் சோடா விஷயத்தில் இரண்டாவது கணக்கைத் தயங்காமல் எடுக்கலாம். தேயிலை, காபி என்றால் வீட்டில் ஓட்டெடுப்பு நடத்திவிட்டுச் செய்யுங்கள். சாஸ், ஜாம் போன்றவற்றில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலான நாடுகளில் அதிக எடையுள்ள சேர்மானத்தை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஒன்றில் தக்காளி முதலிலும் மற்றொன்றில் தண்ணீர் முதலிலும் இருந்தால் அவை இரண்டும் ஒரே பொருளே அல்ல.

காய், பழம் போன்ற உதிரிச் சரக்குக்குத் தரத்தையும் ஒரு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். பாதியை வெட்டி எறிய வேண்டிய கீரைக் கட்டு, விலை பாதியாக இருந்தாலும் மலிவில்லை.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு லிட்டருக்கு எவ்வளவு, ஒன்றுக்கு எவ்வளவு என்று மாற்றாமல் ஒப்பிடுவது வீண் வேலை. விலைச்சீட்டிலேயே அலகு விலையைப் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் கட்டளை பிறப்பித்தது. ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009 முதல் அது கட்டாயம். அப்படிப் போடும் ஊர்களில் வேலை பாதி மிச்சம், ஆனால் கண்ணை மூடி நம்பிவிடாதீர்கள். ஒரு சீட்டில் 100 கிராமுக்கும் அடுத்த சீட்டில் கிலோவுக்கும் போட்டிருப்பார்கள். ஆஃபர் விலை பெரிய எழுத்தில் மாறியிருக்கும், ஓரத்து அலகு விலை பழையதாகவே நிற்கும்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பாருங்கள். (இந்தக் கட்டுரையில் வரும் எண்களுக்கு எந்த நாணயத்தையும் பொருத்திக்கொள்ளலாம்.) 1 கிலோ 180, 750 கிராம் 132 என்றால், பெரியதில் 100 கிராம் 18, சிறியதில் 17.60. சின்னதுதான் மலிவு! இது அபூர்வம் இல்லை. ஆஃபர் பெரும்பாலும் ஏதோ ஒரு அளவுக்கு மட்டும் வரும், மற்ற அளவுகள் பழைய விலையிலேயே நிற்கும்.

இனி கொஞ்சம் நுணுக்கமானவை.

சமையல் எண்ணெயை ஒரு கடை லிட்டரிலும் இன்னொன்று கிலோவிலும் விற்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டரின் எடை ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான். லிட்டர் 150, கிலோ 160 என்றால் லிட்டர் பாட்டில்தான் குறைவு போலத் தோன்றும். 150ஐ 0.91ஆல் வகுத்தால் கிலோ கிட்டத்தட்ட 165 வருகிறது. கிலோ டின்னை எடுங்கள். தேன் நேர்மாறு, ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.4 கிலோ எடையிருக்கும்.

உப்புநீரிலும் சர்க்கரைப் பாகிலும் ஊறும் டப்பா உணவுகளுக்கு மொத்த எடையை விட்டுவிட்டு, வடிகட்டிய எடையைப் பாருங்கள். உறைந்த மீன், இறால் மேல் பனிப்படலம் இருக்கும். அந்தப் பனியைக் கழித்த எடை பாக்கெட்டில் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. சலவைத் திரவத்தை லிட்டரில் ஒப்பிட வேண்டாம். எத்தனை சலவைக்கு வரும் என்று பாட்டிலில் போட்டிருப்பதை வைத்து ஒரு சலவைக்கு எவ்வளவு என்று வகுங்கள், ஏனென்றால் கெட்டியானது பாதி அளவே போதும். திசுத்தாளில் சுருள் எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடையாது. எத்தனை தாள், எத்தனை அடுக்கு என்பதே அளவு. முட்டை எண்ணிக்கையில் விற்றாலும் சிறியதும் பெரியதும் எடையில் நன்றாகவே வேறுபடும்.

நான்காம் படி: விலையைச் சேகரியுங்கள்

எல்லாக் கடை விலையையும் ஒரே நாளில், முடியாவிட்டால் இரண்டு நாளுக்குள் எடுங்கள். ஒன்றைத் திங்களன்றும் மற்றொன்றை அடுத்த வாரமும் பார்த்தால், நடுவில் ஆஃபர் மாறியிருக்கும்.

இணையத்தில் பார்ப்பது வசதிதான், ஆனால் ஆப்பில் உள்ள விலையும் ரேக்கில் உள்ள விலையும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. நேரில் வாங்குகிறவர் நேரில் பாருங்கள். ஒவ்வொரு விலைச்சீட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுதலாம். கடை ஊழியர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கட்டம் வையுங்கள்: சாதாரண விலை, இன்றைய விலை. கடை அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் குறைவு என்றால், அட்டை உங்களிடம் இருந்தால்தான் அந்த எண்ணை எழுத வேண்டும். ரேக்கில் போட்ட விலையில் வரி அடக்கமா, பாட்டிலுக்குத் திரும்பத் தரும் முன்பணம் தனியா என்பது நாட்டுக்கு நாடு மாறும். எப்படியிருந்தாலும் பில்லில் கடைசியாக வரும் தொகையே எழுதத் தகுந்தது.

பட்டியலில் உள்ள ஒன்று ஒரு கடையில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கூட்டிவிடாதீர்கள். சரக்கு இல்லாத கடை மலிவுக் கடையாகத் தெரிந்துவிடும். அந்தப் பொருளை எல்லாக் கடையிலிருந்தும் எடுத்துவிட்டுக் கூட்டுங்கள், அல்லது நீங்கள் உண்மையில் அதற்குப் பதில் வாங்கக்கூடியதன் விலையைப் போடுங்கள்.

ஐந்தாம் படி: ஆஃபரைத் தோலுரியுங்கள்

ஆஃபர் வாசகங்கள் காதுக்கு ஒரு மாதிரி, கணக்குக்கு ஒரு மாதிரி. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது 50 சதவீதத் தள்ளுபடி. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" 33 சதவீதம். "இரண்டாவது பாதி விலைக்கு" என்பது வெறும் 25 சதவீதம். "50 சதவீதம் கூடுதல்" என்பதைப் பாதி விலை போல எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதே காசுக்கு ஒன்றரை மடங்கு சரக்கு என்பதால் அது 33 சதவீதம்தான். 100க்கு வாங்கினால் 5 புள்ளி என்றால், அந்த 5ஐயும் அதே கடையில் செலவழித்த பிறகு, 105 மதிப்புள்ள சரக்கை 100க்கு வாங்கியதாக ஆகிறது, அதாவது 4.76 சதவீதம். புள்ளியை மறந்துவிட்டால் பூஜ்யம்.

இரண்டு வாங்கி ஒன்று இலவசமாகப் பெற்ற தயிர் டப்பாவில் மூன்றாவது கெட்டுப்போனால் என்ன மிச்சம்? இரண்டுக்குக் காசு கொடுத்து இரண்டைச் சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றும் மிச்சமில்லை.

இந்த இடத்தில் கடைகளின் இரண்டு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கடைகள் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே விலையில் விற்கும். சில கடைகள் சாதாரண நாளில் உயர்த்தி வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை தடாலடியாக இறக்கும். ஒரே ஒரு நாள் விலையை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிட்டால், எந்த நாளில் போனோம் என்பதே பதிலைத் தீர்மானித்துவிடும். எனவே ஒப்பீட்டைக் குறைந்தது மூன்று தடவை, இரண்டு வார இடைவெளியில் செய்யுங்கள்.

அதன்பின் பொருள்களை இரண்டாகப் பிரியுங்கள். பால், காய், ரொட்டி போன்று வைத்திருக்க முடியாதவற்றுக்கு மூன்று நாள் விலையின் சராசரி. எண்ணெய், சோப்பு, சலவைத்தூள் போன்று வைத்திருக்கக் கூடியவற்றுக்கு, ஆஃபர் வரும்போது அடுத்த ஆஃபர் வரை வாங்கி வைக்க உங்கள் வீட்டில் இடமும் கையில் காசும் இருந்தால், ஆஃபர் விலையே உங்கள் விலை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சாதாரண விலைதான் உங்களுக்கு. இரண்டு பேருக்கு ஒரே கடை ஒரே வாரத்தில் மலிவாகவும் அதிகமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆறாம் படி: கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு பொருளின் அலகு விலையையும் மாதத் தேவையோடு பெருக்கிக் கூட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு "பத்துப் பொருளில் ஏழு அங்கே மலிவு" என்று எண்ணிக்கை போடுவது பெரிய தவறு. ஐந்தே பொருளில் காட்டுகிறேன். இரு கடைகளையும் முதல் கடை, இரண்டாம் கடை என்று அழைப்போம்.

பால் 30 லிட்டர்: 12, 12.20
எண்ணெய் 3 லிட்டர்: 30, 33
சர்க்கரை 2 கிலோ: 9, 8
உப்பு 1 கிலோ: 5, 4
சோப்பு 4: 8, 7

(ஒவ்வொரு வரியிலும் முதல் எண் முதல் கடையின் அலகு விலை, அடுத்தது இரண்டாம் கடையுடையது.)

ஐந்தில் மூன்று பொருள் இரண்டாம் கடையில் மலிவு. அதிலும் உப்பு 20 சதவீதம் குறைவு. ஆனால் மாதத் தொகை முதல் கடையில் 505, இரண்டாம் கடையில் 513. பாலில் உள்ள 20 காசு வித்தியாசம் உப்பின் 20 சதவீதத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

ஏழாம் படி: அடுத்தவர் பட்டியலையும் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுவார்கள். எனக்கோ இதுதான் மிகவும் பிடித்தது.

முதல் கடையில் ஆப்பிள் கிலோ 10, ஆரஞ்சு 15. இரண்டாம் கடையில் ஆப்பிள் 15, ஆரஞ்சு 10. முதல் கடைக்குப் போகிறவர் இயல்பாகவே மலிவான ஆப்பிளை 4 கிலோவும் ஆரஞ்சை 1 கிலோவும் வாங்கப் பழகியிருப்பார். அவருக்கு அங்கே 55 ஆகிறது. அதே பட்டியலோடு இரண்டாம் கடைக்குப் போனால் 70. "நம்ம கடைதான் மலிவு" என்று திரும்பி வருவார். இரண்டாம் கடையின் வாடிக்கையாளர் 4 கிலோ ஆரஞ்சும் 1 கிலோ ஆப்பிளும் வாங்குகிறவர். அவருக்குத் தன் கடையில் 55, முதல் கடையில் 70. அவரும் அதையே சொல்வார். உண்மையில் இரண்டு கடையும் சமம்.

நம் பில்லிலிருந்து எடுத்த பட்டியல், நாம் ஏற்கனவே போகும் கடைக்குச் சாதகமாகவே சாயும். அந்தக் கடையின் மலிவுச் சரக்குக்கு நம் நாக்கு பழகிவிட்டது. பொருளியலில் இது பழைய தலைவலி. 1871இல் ஜெர்மானியரான எட்டியென் லாஸ்பெயர்ஸ் பழைய பட்டியலை வைத்து விலைக் குறியீடு (இரண்டு காலத்து விலைகளை ஒப்பிட்டுச் சொல்லும் எண்) போட்டார். 1874இல் ஹெர்மன் பாஷே புதிய பட்டியலை வைத்துப் போட்டார். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதே சிறந்தது என்று அமெரிக்கரான இர்விங் ஃபிஷர் 1922இல் வாதிட்டார். மேலே உள்ள பழக்கணக்கில் 70/55ஐயும் 55/70ஐயும் பெருக்கினால் 1 வருகிறது. சமம் என்று சரியாகச் சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கு இதைச் செய்ய வழி: புதுக் கடையில் ஒரு மாதம், அங்கே மலிவாகக் கிடைப்பதை வைத்துச் சமைத்து வாங்குங்கள். அந்த மாதப் பட்டியலைப் பழைய கடை விலையிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே கடை ஜெயித்தால் சந்தேகமே வேண்டாம். ஆளுக்கொன்று ஜெயித்தால், வித்தியாசம் பெரும்பாலும் உங்கள் பழக்கத்தில் இருக்கிறது. "போட்டிக் கடையைவிட எங்கள் கூடை மலிவு" என்று வரும் விளம்பரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கூடையில் என்னென்ன, எந்தத் தேதி விலை என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

எட்டாம் படி: போய்வரும் செலவு

ஆறாம் படிக் கணக்கில் சர்க்கரை, உப்பு, சோப்பை மட்டும் இரண்டாம் கடையில் வாங்கினால் மாதம் 7 மிச்சம். 505இல் 7. அந்தக் கடை வேலைக்குப் போகும் வழியில் இருந்தால் நல்லது. தனியாக வண்டியை எடுக்க வேண்டுமென்றால் எரிபொருள், வண்டி நிறுத்தும் கட்டணம், உங்கள் நேரம் எல்லாவற்றையும் கழியுங்கள். வழியில் கண்ணில் பட்ட ஒரு பிஸ்கட் பாக்கெட்டே அந்த 7ஐ விழுங்கிவிடும். வீட்டுக்கு வரவழைத்தால் டெலிவரி கட்டணத்தையும், குறைந்தபட்சத் தொகைக்காகச் சேர்த்த தேவையில்லாத சாமானையும் கணக்கில் சேருங்கள். உறுப்பினர் கட்டணம் வருடத்துக்கு 60 என்றால் மாதம் 5. மிச்சம் அதைத் தாண்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்பட்டு வருவது இதுதான்: பட்டியலின் பெரும்பகுதிக்கு ஒரு முதன்மைக் கடை, கெடாத ஐந்தாறு சாமானுக்கு மாதம் ஒருமுறை இரண்டாவது கடை. நான்கு கடை ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. தப்பில்லை, ஆனால் சிக்கனக் கணக்கில் எழுதக் கூடாது.

தொடர்ந்து வைத்திருக்க வேண்டிய விலை நோட்டு

முழு ஒப்பீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். நடுவில், பட்டியலின் முதல் 15 பொருளுக்கு மட்டும் போனில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: பொருள், பார்கோடின் கடைசி நான்கு எண், எடை, இதுவரை பார்த்த மிகக் குறைந்த அலகு விலை, தேதி. மஞ்சள் சீட்டில் "சிறப்பு விலை" என்று கண்டால் குறிப்பைத் திறந்து பார்க்கலாம். பாதி நேரம் அது போன மாதத்துச் சாதாரண விலையாக இருக்கும். விலை ஏறாமல் பாக்கெட் மட்டும் மெலிந்திருந்தாலும் எடைக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

பில்லைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ஒருமுறை பாருங்கள், குறிப்பாக அன்றைய ஆஃபர் பொருள்களை. ரேக்கில் சீட்டு மாறியும் கம்ப்யூட்டரில் விலை மாறாமல் இருப்பது எனக்கே நடந்திருக்கிறது. சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்ததால் இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் கைக்கு வந்தது.